சம்பந்தி வீட்டுக் கட்டில்

காப்புறுதிக்காரன் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டான். ஞானம்பிகையின் கண்ணுக்கு, காதுக்கு, முழங்காலுக்கு, இனிமேல் வரப்போகிற அத்தனை காய்ச்சலுக்கும் பொறுப்பு எடுப்பானாம். இருதயத்துக்கு மட்டும் எடுக்கமாட்டானாம். அது ஏற்கெனவே பழுதாய்ப்போன சாமானாம்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் ஒரு வாரம் முழுக்க அவள் படி ஏறி இறங்கினாள். முதல் கந்தோரில், அறுபது தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்றார்கள். அடுத்ததில் இருக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது கந்தோரில் இருந்த பையன் நல்ல பிள்ளை. குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, சிரித்துச் சிரித்துத்தான் இருதயத்தைக் கழித்துவிட்டான்.

ஞானம்பிகைக்கு வயது அறுபத்தொன்று. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். எமிலியானா சிஞ்ஞோரா (எசமானியம்மாவை இங்கே அப்படித்தான் அழைப்பது) வீட்டில் தங்கி நின்று துடைத்தாள், சமைத்தாள், கடைசிக் காலத்தில் கிழவியைத் தூக்கிக் குளிக்கவும் வார்த்தாள். சிஞ்ஞோரா போன பிறகு, தூக்கித் தூக்கித் தேய்ந்த நெஞ்சைச் சோதித்துப் பார்த்த வைத்தியர், வால்வு மாற்ற வேண்டும், இனி வேலை என்ற பேச்சே கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் அடுத்த மாதத்துக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

நாள் வந்தால் போதுமா? ஆஸ்பத்திரிக்குள் போக மருத்துவ அட்டை வேண்டும். அட்டைக்குப் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, வேண்டும். பெர்மெசோவுக்கு வேலை வேண்டும். வேலை செய்தால் செத்துப்போவாள் என்று எழுதிக் கொடுத்ததோ ஆஸ்பத்திரி. பென்சன் வந்தால் அதைக் காட்டி இருந்துவிடலாம். அது அறுபத்தேழில் வரும். இடையில் கிடக்கிற ஆறு வருடத்தில் அவள் வேலைக்காரியும் இல்லை, பென்சன்காரியும் இல்லை. வேலையில் இருந்த காலத்திலேயே ஆயுட்கால வதிவிட அட்டையை எடுத்து வைத்திருக்கலாம். "நான் இருக்கிறேனே" என்று சிஞ்ஞோரா சொன்னாள், இவளும் இருந்துவிட்டாள்.

மகன் கஜானன் இருக்கிறான்தானே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கஜானன் நாள் முழுக்க ஒரு காப்பி பாரில் வேலைக்கு நிற்கிறான்; பேப்பரில் அரைநாள் நிற்கிறான். முதலாளி அப்படித்தான் எழுதியிருக்கிறான். அரைநாள் சம்பளத்தைக் காட்டித் தாயைத் தன்கீழ் பதிய முடியாது.

எனவேதான் நம் சனம் இந்த ஊரில் கண்டுபிடித்து வைத்திருக்கிற பழைய வழிக்கு அவள் வந்து சேர்ந்தாள். வசதியான ஒரு வீட்டில், பேப்பரில் மட்டும், வேலைக்காரியாகப் பதிந்துகொள்வது. வரியைப் பதிந்துகொள்கிறவரே கட்டுவார், வீட்டுக்காரர் கையெழுத்து வைப்பார். ஒருவருக்கொருவர் செய்கிற உதவி. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கதைக்கமாட்டார்கள்.

அப்படிக் கையெழுத்து வைக்க வருமானம் உள்ள ஒரே வீடு, மகன் பெண் எடுத்த வீடு. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானசேகரம், இராசேஸ்வரி வீடு. கேட்ட உடனேயே இராசேஸ்வரி சம்மதித்தாள். "வெறும் பேப்பர்தானே மச்சாள்" என்றாள். யாழ்ப்பாணத்தாரிடம் சம்பந்திப் பெண்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் அழைப்பார்கள். அந்தச் சொல்லில் ஒரு மரியாதை உண்டு, ஒரு சமன் உண்டு.

இப்படியாக, மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தாய்க்கு, வீட்டோடு தங்கும் வேலைக்காரி ஆனாள். பேப்பரில்.

*

அது நடந்து இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை. இராசேஸ்வரி சீசா என்ற பகுதியில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல்.

வியாழன் பின்னேரம்தான் நம் சனத்தின் ஞாயிற்றுக்கிழமை. வீடுகளில் தங்கி நின்று வேலை செய்கிறவர்களுக்கு அன்று அரைநாள் லீவு என்பதால், பிறந்தநாளோ அந்தியேட்டியோ எல்லாம் அன்றைக்குத்தான் வைக்கப்படும். விடிய நல்ல நேரத்தில் பால் காய்ச்சியாகிவிட்டது. பின்னேரம் சாப்பாடும் தேத்தண்ணியும்.

ஞானம்பிகை பஸ்ஸில் வந்தாள். சாம்பல் நீலத்தில் பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு. கையில் தட்டம், அதில் வெற்றிலை, கற்கண்டு, சியாகுல்லித் தோட்டத்து மந்தரீன் பழங்கள். கடையில் வாங்கிய பழம் சம்பந்தி வீட்டுக்குக் காணாது என்று, தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு இலையோடு பறிப்பித்திருந்தாள். மாடிக்கு லிப்ட் இருந்தது பெரிய புண்ணியம்.

வாசலில் மருமகள் துசானி பன்னீர் தெளித்தாள். இராசேஸ்வரி ஓடி வந்து தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"வாங்கோ மச்சாள், உங்களுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

மண்டபத்தின் நடுவில் இருந்த பெரிய நாற்காலியில் அவளை இருத்தினாள். தாலி அறுத்தவள் என்பதால் காலையில் பால்பானைப் பக்கம் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் முதல் நாற்காலி மாப்பிள்ளையின் தாய்க்குத்தான், அதில் குறை வைக்க இராசேஸ்வரிக்குத் துணிவு வராது. இந்த ஊருக்கு வந்த புதிதில், இராசேஸ்வரியைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் வேலையில் சேர்த்துவிட்டதே ஞானம்பிகைதான். இத்தாலியர் வீட்டுச் சட்டைக் கொலர் எப்படி அயர்ன் பண்ணுவது என்று காட்டிக் கொடுத்ததும் அவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்றவளும் மறந்ததில்லை, அது வேறு கதை.

வந்திருந்த பெண்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து வந்து புகழ்ந்தார்கள். மூன்று அறை. ஒன்று இராசேஸ்வரி தம்பதிக்கு, ஒன்று கஜானனுக்கும் துசானிக்கும், ஒன்று கடையைப் பார்க்க அடுத்த வருடம் வரப்போகும் இராசேஸ்வரியின் தம்பிக்கு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டோடுதான். ஞானம்பிகை இன்னும் ஸ்தாசியோனேப் பக்கம் யாரோ ஒருவரின் வீட்டில், சமையலறையைப் பங்கிட்டு, ஓர் அறையில் இருக்கிறாள். அறை எண்ணிக்கையைக் கேட்டபோது அவள் சிரித்தபடி தலையாட்டினாள். மனம் மட்டும் நாலாவதாக ஓர் அறையைத் தேடியது. அப்படித் தேடினதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

அந்த நேரம்தான் கீழே மணி அடித்தது.

கஜானன் போய்ச் சுவரில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தான். திரும்பியபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

"விஜிலே" என்றான்.

நகரசபைச் சீருடைக்காரர். ஒரு விலாசத்தில் பதிந்த ஆள் உண்மையாகவே அங்கே குடியிருக்கிறாரா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். வீட்டோடு தங்கும் வேலைக்காரி என்று எழுதியதால் ஞானம்பிகையின் விலாசமும் இந்த வீடுதான். அவர்கள் வந்து ஆள் இல்லை என்று எழுதினால் பதிவு போகும். பதிவு போனால் பெர்மெசோ, அட்டை, அடுத்த மாதத்து ஆஸ்பத்திரி நாள் எல்லாம் போகும்.

மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாதிப்பேர் இந்தக் கூத்தை வேறு வேறு வீடுகளில் ஆடியவர்கள். கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

இராசேஸ்வரி பக்கத்தில் வந்து குனிந்தாள். "மச்சாள், குறை நினையாதேங்கோ. கெதியா எழும்புங்கோ."

ஞானம்பிகை எழும்பினாள். துசானி சமையலறைக்குள்ளிருந்து ஓர் ஏப்ரனைக் கொண்டு ஓடிவந்தாள். கலியாணத்தன்று காலில் விழுந்து கும்பிட்ட பிள்ளை, இன்று மாமியின் பட்டுச் சேலைக்கு மேலால் ஏப்ரனைச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டாள். 

"மாமி, கையை ஒருக்காத் தூக்குங்கோ."

யாரோ ஒரு தேத்தண்ணித் தட்டை அவள் கையில் வைத்தார்கள். பெரிய நாற்காலியில் வேறொரு பெண் அவசரமாக இருந்துகொண்டாள், வெறும் நாற்காலி சந்தேகத்தைக் கொடுக்குமென்று.

கஜானன் கதவைத் திறந்துவிட்டான், வந்தவள் ஓர் இளம்பெண். இத்தனை பேரைக் கண்டதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும், விசேஷ நாளில் வந்துவிட்டேன் என்றாள். பெயரை வாசித்தாள். ஞானம்பிகை தட்டோடு முன்னுக்கு வந்தாள். படத்தையும் முகத்தையும் பார்த்த பெண்ணின் கண் ஏப்ரனுக்குக் கீழே தெரிந்த பட்டுச் சேலையில் நின்றது. வேலைக்காரி இந்த உடுப்பிலா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போனாள்.

இராசேஸ்வரி முந்திக்கொண்டாள். இன்று எங்களுக்கு விசேஷம், இவவும் எங்கள் குடும்பத்தில் ஓராள் மாதிரி என்று இத்தாலிய மொழியில் சொல்லிச் சிரித்தாள்.

இதே வசனத்தை எமிலியானா சிஞ்ஞோராவும் விருந்தாளிகளுக்குச் சொல்வாள். அவளுடைய மகள்மாரும் சொன்னார்கள், சிஞ்ஞோராவின் செத்தவீட்டில்கூட. அந்த 'மாதிரி'யைக் கேட்டுக் கேட்டு ஞானம்பிகைக்குக் காது மரத்துப்போயிருந்தது. சொந்தச் சம்பந்தி வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டி வரும் என்று மட்டும் அவள் நினைத்திருக்கவில்லை.

எங்கே படுக்கிறீர்கள் என்று விஜிலே கேட்டாள்.

ஞானம்பிகைக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குள் அவள் காலடி வைத்ததே இன்றுதான்.  அவள் இராசேஸ்வரியைப் பார்த்தாள்.

இராசேஸ்வரி நடந்துபோய் சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒரு கதவைத் திறந்தாள்.

சாமான் போடுகிற அறை. யன்னல் இல்லை. ஆனால் கூட்டித் துடைத்து, ஒரு கட்டில் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. தலைமாட்டில் முருகன் படம் போட்ட கலண்டர். கொழுவியில் இரண்டு சட்டை. கட்டிலுக்குக் கீழே ஒரு சோடி வீட்டுச் செருப்பு, ஞானம்பிகையின் கால் அளவில்.

யோசித்து யோசித்துச் செய்திருந்தார்கள். இந்த வீட்டில் மாப்பிள்ளையின் தாய்க்கு அறை இல்லை. வேலைக்காரிக்கு இருந்தது.

நன்றாக நித்திரை வருகிறதா, நன்றாகப் பார்க்கிறார்களா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு என்னவோ மணத்திருக்க வேண்டும்.  ஓம் என்றாள் ஞானம்பிகை, இத்தாலிய மொழியில். நல்லாய்ப் பார்க்கிறார்கள்.

விஜிலே எழுதிக்கொண்டாள். துசானி கொடுத்த லட்டைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போனாள். பதிவு தப்பியது. அட்டை தப்பியது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

*

கதவு சாத்தினதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. சிரித்தார்கள். நல்லாய்ச் சமாளிச்சியள் இராசேஸ்வரி என்றார்கள். தட்டோடு நடு மண்டபத்தில் நின்ற ஞானம்பிகையிடமிருந்து ஒரு பெண் கையை நீட்டி ஒரு கோப்பையை எடுத்தாள். பக்கத்திலிருந்தவளும் எடுத்தாள்.

"நிக்கிறியள்தானே, அந்தப் பக்கமும் ஒருக்காக் குடுத்துவிடுங்கோ மச்சாள்" என்றாள் இராசேஸ்வரி.

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீடு நிறைய ஆட்கள், கை காணாது, தட்டு அவள் கையில் இருக்கிறது. அவ்வளவுதான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பாள் ஞானம்பிகை. இல்லாததுதான் நொந்தது.

கொடுத்துக்கொண்டு போனாள். நாற்காலிகளைச் சுற்றி, பல்கணிவரைக்கும். பல்கணி வாசலில் கஜானன் கடைக்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றான். தட்டு பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்க்காமலே கோப்பையை எடுத்தான்.

"கிராத்சியே" என்றான்.

பாரில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் இந்த நன்றியைச் சொல்லிப் பழகிய வாய். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வருகிற சொல். அவன் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். தட்டைப் பிடித்திருந்த கை யாருடையது என்று அவன் பார்க்கவே இல்லை.

அவளுக்குக் கண் நிறையவில்லை. சிஞ்ஞோரா வீட்டு மாடிப்படியில், வாளியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிய நாட்களில் வந்த அதே இறுக்கம் நெஞ்சில் வந்தது. வெறும் தட்டோடு சமையலறைக்குப் போனாள்.

இராசேஸ்வரியும் பின்னால் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். ஆனாலும் விஜிலே இன்னொரு தரம் வரக்கூடும், முன் வீட்டுச் சனமும் யார் இந்த வேலைக்காரி, கண்ணில் காணவில்லையே என்று விசாரிக்கும். ஆனபடியால் கிழமையில் கொஞ்ச நாளாவது காலமையில் வந்து போனால் நல்லது.

"வந்து என்ன செய்யிறது?" என்று கேட்டாள் ஞானம்பிகை.

"சும்மா வந்திருங்கோ மச்சாள். எனக்கும் கடைக்குப் போகவேணும், துசானியும் வேலைக்குப் போயிடுவாள். பாரமான வேலை ஒண்டும் இல்லை. கூட்டித் துடைச்சுவிட்டால் காணும்."

வேலை செய்யக்கூடாத நெஞ்சைக் காப்பாற்ற எழுதிய பேப்பர், அந்த நெஞ்சையே வேலைக்குக் கூப்பிடுகிறது. ஞானம்பிகை ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் தடவிப் பார்த்தாள். மருமகள் இறுக்கித்தான் கட்டியிருந்தாள். அவிழ்க்கவில்லை.

அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தாள்.

ஆட்கள் ஒவ்வொருவராக விடைபெறத் தொடங்கிய நேரத்தில் கஜானன் அவளுடைய குளிர்ச் சட்டையோடு வந்தான்.

"அம்மா, வாங்கோ. கொண்டுபோய் விடுறன்."

அவள் அசையவில்லை. அவன் கதவோரமாகச் சாய்ந்து குரலைத் தணித்தான். ஆப்பரேசன் முடியுமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னான். மாமியைக் கோபிக்க வேண்டாம், அவவின் கையெழுத்தில்தானே எல்லாம் நிற்கிறது என்றான். அவன் சொன்னது அத்தனையும் சரி.

"தேத்தண்ணி எடுக்கேக்கை என்ன சொன்னனீ?" என்று கேட்டாள்.

"ஆரிட்டை?"

"என்னட்டை."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஒண்டும் சொல்லேல்லையே" என்றான்.

ஞானம்பிகை தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கட்டிலுக்குக் கீழே இருந்த புதுச் செருப்பைக் காலால் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பொருந்தியது.

"நீ போ தம்பி. உன்ரை அறைக்குப் போய்ப் படு. எனக்கும் இஞ்சை கட்டில் இருக்கு."

"என்னம்மா விசர்க்கதை கதைக்கிறியள்?"

"இதுதானே என்ரை விலாசம். இப்பத்தான் ஒரு பிள்ளை வந்து எழுதிக்கொண்டு போறாள். நீதானே கதவைத் திறந்துவிட்டனீ."

கஜானன் குளிர்ச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டான். துசானிக்கு முன்னால் இராசேஸ்வரி வந்து சேர்ந்தாள். கட்டிலையும், அதில் இருந்தவளின் காலில் கிடந்த செருப்பையும் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பேப்பரைக் கிழித்தால் மச்சாளின் அட்டை மட்டும் போகாது, பொய்க்குக் கையெழுத்து வைத்தவளும் சேர்ந்து போவாள். இவளை வெளியே போ என்று இந்த வீட்டில் இனி ஒருவரும் சொல்ல முடியாது.

"என்ன மச்சாள் இது?" என்றாள். "வெளியிலை இன்னும் ஆக்கள் நிக்கினம். என்ன நினைப்பினம்?"

"விஜிலேக்குச் சொன்னதையே அவைக்கும் சொல்லுங்கோ."

ஞானம்பிகை தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. எமிலியானா வீட்டில் முதல் நாள் இரவு கேட்ட அதே கேள்வியை, அதே பணிவோடு கேட்டாள்.

"இண்டைக்கு வியாழன். பின்னேரம் எனக்கு லீவு. நாளைக்குக் காலமை எத்தினை மணிக்கு எழும்பவேணும், சிஞ்ஞோரா?"